ஒலியை முந்திய கார்



நாம் பேருந்தில் போகிறோம். நல்ல சாலையில் பேருந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதாவது நிமிடத்துக்கு 1 கிலோமீட்டர். சந்தை 20 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தால், போய்ச் சேர 20 நிமிடம் ஆகும்.

அதே 20 கிலோமீட்டரை ஒரே நிமிடத்தில் கடக்கும் வேகத்தில் ஒரு கார் ஓடியிருக்கிறது. நம்ப முடிகிறதா? 1997ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் அமெரிக்காவில் அது நடந்தது. அந்தக் காரின் பெயர் திரஸ்ட் எஸ்.எஸ்.சி. அதன் வேகம் மணிக்கு சுமார் 1,228 கிலோமீட்டர். காற்றில் ஒலி செல்லும் வேகத்தைவிட இது அதிகம்.

அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை.

இப்படி ஒரு காரை எப்படிச் செய்தார்கள்? பெரிய எஞ்சின் வைத்தால் போதுமா? போதாது. தரை வேண்டும். சக்கரம் வேண்டும். காற்றைச் சமாளிக்க வேண்டும். ஓடிய வண்டியை நிறுத்தவும் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் உயிர் போகும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

போட்டி தொடங்கிய கதை

1898ஆம் ஆண்டு. பிரான்ஸ் நாட்டில் பாரிஸ் நகருக்கு அருகே ஒரு சாலை. ஷாஸ்லூ-லோபா என்ற பிரபு அங்கே கார் ஓட்டினார். வேகம் மணிக்கு 63 கிலோமீட்டர். இன்று நம் பேருந்து ஓடும் வேகம்தான். ஆனால் அன்று அது உலக சாதனை.

அந்தக் கார் பெட்ரோலில் ஓடவில்லை. பேட்டரியில் ஓடிய மின்சாரக் கார் அது.

அடுத்த ஆண்டே பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த ஜெனாட்சி என்பவர் 105 கிலோமீட்டரைத் தொட்டார். அதுவும் மின்சாரக் கார்தான். தன் காருக்கு அவர் வைத்த பெயரின் பொருள், 'என்றும் திருப்தி இல்லாதவள்'. பொருத்தமான பெயர்தான். யாரும் அதோடு திருப்தி அடையவில்லை. ஒருவர் சாதனையை மற்றவர் முறியடித்துக்கொண்டே போனார்கள்.

1906இல் நீராவிக் கார் ஒன்று 205 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. 1935இல் இங்கிலாந்தின் மால்கம் கேம்பல் 484 கிலோமீட்டரை எட்டினார். 1947இல் ஜான் காப் 634 கிலோமீட்டரை எட்டினார்.

சாதனைக்கு ஒரு விதி உண்டு

வேகமாக ஓட்டினேன் என்று சொன்னால் மட்டும் போதாது. அளந்து காட்ட வேண்டும். அதற்கு உலக அளவில் விதி இருக்கிறது.

கார் ஒரு பக்கமாக ஓட வேண்டும். பிறகு திரும்பி எதிர்ப்பக்கமாக ஓட வேண்டும். இரண்டு ஓட்டத்தின் சராசரிதான் கணக்கு. ஏன் தெரியுமா? காற்று பின்னால் இருந்து தள்ளினால் வேகம் கூடும். தரை சரிவாக இருந்தாலும் கூடும். எதிர்ப்பக்கம் ஓடும்போது அந்த உதவி கிடைக்காது. அப்போது உண்மை தெரிந்துவிடும்.

இன்னொன்று. இரண்டு ஓட்டமும் ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அதற்குள் காரைத் திருப்பி, எரிபொருள் நிரப்பி, சோதித்து, மறுபடி ஓட்ட வேண்டும்.

வற்றிய ஏரிதான் பாதை

இந்தக் கார்களைச் சாலையில் ஓட்ட முடியாது. வேகம் எடுக்கவே பல கிலோமீட்டர் வேண்டும். நிறுத்தவும் பல கிலோமீட்டர் வேண்டும். வளைவு கூடாது. மேடு பள்ளம் கூடாது. அப்படிப்பட்ட இடம் எங்கே இருக்கிறது?

வற்றிய ஏரியில் இருக்கிறது. கோடையில் ஏரி வற்றினால் நம் பிள்ளைகள் அதில் இறங்கி விளையாடுவார்கள். தரை காய்ந்து கெட்டியாக, மட்டமாக இருக்கும். அதுபோல உலகில் சில இடங்களில் மிகப் பெரிய ஏரிகள் நீண்ட காலத்துக்கு முன்பே வற்றிவிட்டன. அமெரிக்காவின் பான்வில் என்ற இடத்தில் தரை முழுவதும் உப்பு. பார்த்தால் உப்பளம் போல் இருக்கும். மால்கம் கேம்பலும் ஜான் காப்பும் அங்கேதான் சாதனை செய்தார்கள். திரஸ்ட் எஸ்.எஸ்.சி. ஓடிய பிளாக் ராக் பாலைவனமும் வற்றிய ஏரிதான். அங்கே உப்புக்குப் பதில் களிமண்.

தரை மட்டமாக இருந்தால் மட்டும் போதாது. கல் இருக்கக் கூடாது. இவ்வளவு வேகத்தில் சிறு கல்லும் துப்பாக்கிக் குண்டு போலத் தாக்கும். அதனால் சாதனைக் குழுவினர் வரிசையாக நின்று, பாதை நெடுக நடந்து, கல்லைப் பொறுக்குவார்கள்.

தென் ஆப்பிரிக்காவில் ஹாக்ஸ்கீன் பான் என்ற வற்றிய ஏரி இருக்கிறது. பிளட்ஹவுண்ட் என்ற புதிய காருக்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அங்கே எங்கு பார்த்தாலும் கல். எந்திரத்தைக் கொண்டு வழித்தால் தரை கெட்டுவிடும். என்ன செய்வது? அந்தப் பகுதியில் வாழும் மியர் மக்கள் 317 பேரை மாகாண அரசு கூலிக்கு அமர்த்தியது. ஆண்களும் பெண்களும் குனிந்து, கையால் கல் பொறுக்கினார்கள். அவர்கள் அகற்றிய கல் மொத்தம் சுமார் 16,500 டன். ஒரு லாரிக்கு 10 டன் என்று வைத்துக்கொண்டால் 1,650 லாரிச் சுமை!

அந்தப் பாதையில் 2019ஆம் ஆண்டு பிளட்ஹவுண்ட் ஓடியது. மணிக்கு 1,010 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. அது சோதனை ஓட்டம்தான். அதன் பிறகு தேவையான பணம் கிடைக்காமல் வேலை நின்றுபோனது. ஆனாலும் அந்த மக்கள் சுத்தம் செய்த பாதை இல்லாவிட்டால் அந்தக் கார் ஓடியே இருக்காது.

டயர் இல்லாத சக்கரம்

கவணில் கல்லை வைத்துச் சுழற்றியிருக்கிறீர்களா? வேகமாகச் சுழற்றச் சுழற்றக் கயிறு கையை இழுக்கும். கல் வெளியே பறக்கத் துடிக்கும்.

சுழலும் சக்கரத்திலும் இதுதான் நடக்கிறது. சக்கரத்தின் ஓரம் வெளியே பறக்கப் பார்க்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்த இழுப்பு நான்கு மடங்காகும். திரஸ்ட் எஸ்.எஸ்.சி. முழு வேகத்தில் ஓடும்போது அதன் முன்சக்கரம் நிமிடத்துக்கு 7,000 தடவைக்கு மேல் சுற்றுகிறது. ரப்பர் டயர் போட்டால் பிய்ந்து பறந்துவிடும்.

ஆகவே டயரே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அலுமினியத்தைச் சூடாக்கி, அடித்து இறுக்கி, கெட்டியான சக்கரம் செய்தார்கள். காற்று அடைத்த டயர் இல்லை. டியூப் இல்லை. வெறும் உலோகம்தான். மெத்தென்ற களிமண் தரையில் அது ஓடியது.

காற்று என்னும் சுவர்

எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தால் எவ்வளவு கஷ்டம்! காற்று நம் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போல் இருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் தடை ஒன்பது மடங்காகும்.

இதனால்தான் இந்தக் கார்களின் மூக்கு கூர்மையாக இருக்கிறது. உடல் நீளமாக இருக்கிறது. திரஸ்ட் எஸ்.எஸ்.சி. காரின் நீளம் 16 மீட்டருக்கு மேல். எடை சுமார் 10 டன்.

காற்று தடுப்பதோடு விடுவதில்லை. காரின் அடியில் புகுந்து தூக்கவும் செய்யும். மூக்கு கொஞ்சம் தூக்கினாலும் கார் காகிதம்போல் பறந்து புரளும். மூக்கு அழுந்தினால் தரையில் குத்திவிடும். தூக்கவும் கூடாது, அழுந்தவும் கூடாது.

ஒலியின் வேகத்தை நெருங்கும்போது நிலைமை இன்னும் மோசம். சாதாரணமாகக் காற்று வழிவிட்டு ஒதுங்கும். அந்த வேகத்தில் ஒதுங்க அதற்கு நேரம் கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிச் சுவர்போல் ஆகிவிடும். அந்தச் சுவர் தரைக்கும் காருக்கும் நடுவில் என்ன செய்யும்? அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது.

ரான் அயர்ஸ் என்ற பொறியாளர் இதற்கு விடை தேடினார். முதலில் கணிப்பொறியில் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடவில்லை. சிறிய மாதிரி ஒன்றைச் செய்தார்கள். ராக்கெட் பொருத்திய வண்டியில் அதை ஏற்றித் தண்டவாளத்தில் ஓட்டினார்கள். கணக்கும் சோதனையும் ஒத்துப்போயின. அதன் பிறகுதான் காரை முடித்தார்கள்.

இந்தச் சோதனை நடந்த இடம் வேல்ஸ் நாட்டில் உள்ள பென்டைன். அங்கே நீண்ட கடற்கரை இருக்கிறது. 1927ஆம் ஆண்டு பாரி தாமஸ் என்ற பொறியாளர் அந்தக் கடற்கரையில் சாதனைக்கு முயன்றார். கார் புரண்டது. அவர் இறந்தார். அவருடைய காரை அந்த மணலிலேயே புதைத்துவிட்டார்கள். 42 ஆண்டுகள் கழித்து அதைத் தோண்டி எடுத்துச் சீர்செய்தார்கள்.

எஞ்சின் தள்ளும்

நம் ஊர் வண்டிகளில் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரம் தரையைப் பிடித்து வண்டியை நகர்த்துகிறது. சேற்றில் சக்கரம் வழுக்கினால் வண்டி நகராது. மிக அதிக வேகத்திலும் இதே தொல்லை வரும். சக்கரம் தரையைப் பிடிக்காது.

ஊதிய பலூனைக் கட்டாமல் விட்டுப் பாருங்கள். காற்று பின்னால் போகும். பலூன் முன்னால் பாயும். ஜெட் எஞ்சினும் ராக்கெட்டும் இப்படித்தான் தள்ளுகின்றன. சக்கரம் சும்மா உருண்டால் போதும்.

1960களில் ஜெட் கார்கள் வந்தன. 1970இல் அமெரிக்காவின் கேரி கேபலிச் ராக்கெட் கார் ஓட்டினார். மணிக்கு 1,000 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் கார் அதுதான். 1983இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் நோபிள் ஜெட் காரில் 1,019 கிலோமீட்டரை எட்டினார்.

பிறகு அதே நோபிள்தான் திரஸ்ட் எஸ்.எஸ்.சி. வேலையைத் தொடங்கினார். அதில் இரண்டு ஜெட் எஞ்சின்கள். இரண்டும் போர் விமானத்தில் இருந்தவை. ஓட்டுநர் ஆண்டி கிரீன், போர் விமானம் ஓட்டியவர்.

இந்தக் காரில் ஒரு புதுமை உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் பின்சக்கரம்தான் திரும்பும். முன்சக்கரம் திரும்ப அங்கே இடம் இல்லை. இது சரிப்படுமா என்று எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். ஒரு சின்னக் காரில் இதே ஏற்பாட்டைச் செய்து, ஓட்டிப் பார்த்து, சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டார்கள்.

ஓடுவது பாதி, நிற்பது பாதி

வேகமாக ஓடும் வண்டியைச் சாதாரண பிரேக்கால் நிறுத்த முடியாது. பிரேக் சூட்டில் எரிந்துவிடும். முதலில் எஞ்சினின் வேகத்தைக் குறைக்க வேண்டும். பிறகு காருக்குப் பின்னால் பாராசூட் விரியும். குடைபோல் விரிந்து காற்றைப் பிடித்துக் காரைப் பின்னால் இழுக்கும். வேகம் நன்றாகக் குறைந்த பிறகுதான் பிரேக்.

பாராசூட் விரியாவிட்டால்? 1964இல் கிரெய்க் பிரீட்லவ் என்ற அமெரிக்கருக்கு அது நேர்ந்தது. சராசரி 847 கிலோமீட்டர் வேகத்தில் சாதனை செய்து முடித்தார். ஆனால் பாராசூட்டுகள் அறுந்துபோயின. பிரேக்கும் எரிந்துபோனது. கார் நிற்காமல் ஓடி, டெலிபோன் கம்பத்தை முறித்து, உப்புநீர்க் குட்டையில் விழுந்து மூழ்கியது. அவர் நீந்தி வெளியே வந்தார். உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம்தான்.

இரண்டு பெண்கள்

கிட்டி ஓ'நீல் அமெரிக்கப் பெண். கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலால் அவருக்குக் காது கேட்காமல் போனது. உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளக் கற்றார். 1976இல் ராக்கெட் கார் ஒன்றை மணிக்கு 825 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். பெண்களில் அது உலக சாதனை.

அவர் இன்னும் வேகமாக ஓட்டியிருக்கலாம். ஆண்களின் சாதனையையும் தாண்டியிருக்கலாம். ஆனால் அவரை ஓட்ட விடவில்லை. ஒப்பந்தப்படி அந்த வாய்ப்பு ஓர் ஆணுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. காரில் வேகம் இருந்தது. அவரிடம் திறமை இருந்தது. காகிதம் தடுத்துவிட்டது.

ஜெஸ்ஸி கோம்ஸ் இன்னொரு அமெரிக்கப் பெண். வெல்டிங்கும் உலோக வேலையும் தெரிந்தவர். பழைய போர் விமானத்தின் உடலைக் கொண்டு செய்த காரை அவர் ஓட்டினார். 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள், கிட்டி ஓ'நீல் ஓட்டிய அதே பாலைவனத்தில் முயன்றார். முன்சக்கரம் உடைந்து விபத்து நடந்தது. அவர் இறந்தார். வயது 39. தரையில் கிடந்த ஏதோ ஒரு பொருளில் சக்கரம் மோதியிருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள்.

அன்று அவர் எட்டிய வேகம் மணிக்கு 841 கிலோமீட்டர். பெண்களில் அதுவே உலக சாதனை என்று 2020இல் ஒப்புக்கொண்டார்கள். அதைக் கேட்க அவர் இல்லை.

கல் பொறுக்கும் வேலை எவ்வளவு பெரிய வேலை என்பது இப்போது புரிகிறதா?

அந்த நாள்

திரஸ்ட் எஸ்.எஸ்.சி. குழுவிடம் பணம் அதிகம் இல்லை. காரை இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் பெரிய சரக்கு விமானத்தில் கொண்டுபோக வேண்டும். விமானத்துக்கு எரிபொருள் வாங்கப் பணம் இல்லை. மக்களிடம் கேட்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் அனுப்பினார்கள். விமானம் கிளம்பியது. குழுவில் பலர் சம்பளம் வாங்காமல் வேலை செய்த தொண்டர்கள்.

1997 அக்டோபர் 13. கார் இரண்டு பக்கமும் ஓடியது. இரண்டு முறையும் ஒலியை முந்தியது. ஆனால் இரண்டாவது ஓட்டம் ஒரு மணி நேரக் கெடுவைத் தாண்டிவிட்டது. தாமதம் ஒரு நிமிடம்கூட இல்லை. ஆனாலும் விதி விதிதான். சாதனை கணக்கில் வரவில்லை.

யாரும் சோர்ந்து உட்காரவில்லை. குறையைச் சரிசெய்தார்கள். அக்டோபர் 15 அன்று மறுபடி ஓட்டினார்கள். பக்கத்தில் உள்ள கெர்லாக் என்ற சிற்றூரில் இடி இடித்ததுபோல் சத்தம் கேட்டது. கார் ஒலியை முந்தும்போது எழும் சத்தம் அது. இந்த முறை நேரமும் தவறவில்லை. சாதனை பதிவானது.

அந்தக் கார் இப்போது இங்கிலாந்தில் கவென்ட்ரி நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் சாலைக்கும் பொருந்தும்

நமக்கு ஜெட் கார் தேவையில்லை. ஆனால் இதில் நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் 8 மீட்டரில் நிற்கும் வண்டி, 60 கிலோமீட்டர் வேகத்தில் 32 மீட்டர் ஓடித்தான் நிற்கும். அந்த 32 மீட்டருக்குள் ஆடு வரலாம். குழந்தையும் வரலாம்.

ஆண்டி கிரீன் ஓட்டிய இடத்தில் எதிரே யாரும் வரவில்லை. பாதை முழுவதையும் முன்கூட்டியே நடந்து பார்த்திருந்தார்கள். நம் சாலை அப்படியா? வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள்.

தெரிந்துகொள்வோம்

சாதனை: இதுவரை யாரும் செய்யாததைச் செய்வது.
சராசரி: பலவற்றைக் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்தால் வருவது.
தடை: முன்னே போக விடாமல் தடுப்பது.
கெடு: ஒரு வேலையை முடிக்கக் குறித்த நேரம்.

விடை சொல்லுங்கள்

1. 1898இல் சாதனை செய்த கார் எதனால் ஓடியது?
2. இரண்டு பக்கமும் ஓட்ட வேண்டும் என்ற விதி ஏன் வந்தது?
3. திரஸ்ட் எஸ்.எஸ்.சி. காருக்கு ஏன் ரப்பர் டயர் போடவில்லை?
4. அக்டோபர் 13ஆம் நாள் ஓட்டம் ஏன் கணக்கில் வரவில்லை?

கணக்குப் போடுங்கள்

1. 1898 முதல் 1997 வரை எத்தனை ஆண்டுகள்?
2. ஒலி ஒரு வினாடியில் சுமார் 340 மீட்டர் போகும். 3 வினாடியில் எவ்வளவு தூரம் போகும்?
3. உங்கள் ஊரிலிருந்து சந்தைக்கு எத்தனை கிலோமீட்டர்? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எத்தனை நிமிடம் ஆகும்?

கலந்து பேசுங்கள்

1. கல் பொறுக்கிய 317 பேருக்கும் அந்தக் காரின் வேகத்தில் பங்கு உண்டா? உங்கள் கருத்து என்ன?
2. திறமை இருந்தும் பெண் என்பதால் வாய்ப்புக் கிடைக்காத யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?
3. உங்கள் ஊர்ச் சாலையில் எந்த இடத்தில் வண்டிகள் மெதுவாகப் போக வேண்டும்? அதற்கு ஊரார் என்ன செய்யலாம்?